பெரம்பலூரும் அரியலூரும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் பெயர்களிலிருந்து தொடங்குவதே பெரும்பாலோர் வழக்கம். பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு மாவட்டங்களைப் பற்றிப் பேசும்போது அவ்வழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே வரலாறு அரசர்களுக்கு முன்பே, ஏன், மனிதனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மண்ணை முதலில் அறிந்து, பின்னர் மன்னரையும் மக்களையும் அறிவதே முறை. இவ்விரு மாவட்டங்களிலும் மேலே தெரிவது ஒன்று. கீழே கிடப்பது மற்றொன்று. நிலத்திற்கும் அது பொருந்தும். மக்கள்தொகைக் கணக்கிற்கும் அது பொருந்தும்.

முதலில் எல்லைகளைக் காண்போம். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, மேற்கே பச்சைமலை. இம்மூன்றுக்கும் இடைப்பட்ட நிலமே இவ்விரு மாவட்டங்கள் என்று பொதுவாகக் கூறலாம். கடற்கரை இல்லை. ஆறுகள் இரண்டும் எல்லையைத் தொட்டுச் செல்கின்றனவேயன்றி நாட்டின் நடுவே பாயவில்லை. நடுவே பாய்வது மருதையாறு. பச்சைமலையில் பிறந்து, கிழக்கும் தெற்குமாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் இவ்வாறு, மழை பெய்தால் பெருகும். மழை ஓய்ந்தால் மணலாகக் கிடக்கும். ஆகவே இங்குள்ள உழவர் பெரும்பாலும் வானத்தையும் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்பவர். கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர்ப் பகுதியில் மட்டும் காவிரிப் பாசனத்தின் செழுமையைக் காணலாம்.

மேற்கே பெரம்பலூர்ப் பகுதியில் கடினமான பழம்பாறையின்மேல் கரிசல் மண் படிந்துள்ளது. அங்கே பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதும், செட்டிகுளம் வெங்காயம் சந்தைகளில் பெயர் பெற்றிருப்பதும் அம்மண்ணின் இயல்பால் விளைந்தவை. கிழக்கே செயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை ஆகிய பகுதிகளில் செம்மண் பரந்து கிடக்கிறது. அங்கே முந்திரித் தோப்புகள் மிகுதி. இவை இரண்டிற்கும் இடையில், அரியலூரைச் சூழ்ந்து, சுண்ணாம்புக்கல் நிலம் அமைந்திருக்கிறது. அந்த இடைநிலமே உலக அறிவியலாரின் கருத்தை ஈர்த்தது.

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடல் இந்நிலத்தின்மேல் ஏறி வந்தது. இன்றைய ஆலத்தூர், குன்னம் வட்டங்களின் பகுதிகள் அன்று கடற்கரையாக விளங்கின. அதற்குக் கிழக்கே இருந்தவை எல்லாம் கடலுக்குள் இருந்தன. கடல் ஒருமுறை வந்து ஒருமுறை போனதன்று. முன்னேறியும் பின்வாங்கியும் பல கோடி ஆண்டுகள் இங்கே நிலைத்திருந்தது. அக்காலத்துச் சிப்பிகளும் நத்தைகளும், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு என்னும் உயிரினங்களும் மடிந்து அடியில் படிந்தன. அவற்றின் மேல் சேறும் மணலும் படிந்து, காலப்போக்கில் யாவும் கல்லாயின. அக்கல்லே இன்று நாம் சுண்ணாம்புக்கல் என வழங்குவது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் மக்கள் அறிந்த ஊர். அவ்வூரின் பெயராலேயே ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு அறிவியல் நூல்களில் குறிக்கப்படுகிறது. அவ்வடுக்கில் சிப்பி ஓடுகள் குவியல் குவியலாக அமைந்திருக்கின்றன.

இப்படிவுகளை அறிஞர்கள் அடியிலிருந்து முடிவரை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர் என்று நான்கு தொகுதிகளாகப் பிரித்தனர். 1860ஆம் ஆண்டுகளில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலநூல் அறிஞர் இப்பகுதியை அளந்து விரிவாக எழுதினார். ஸ்டோலிச்கா என்பவர் இங்குக் கிடைத்த உயிர்ச் சுவடுகளைப் பெரிய தொகுதிகளில் விளக்கினார். மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவின் கரையோரத்திலும் கிடைத்த சுவடுகளோடு இவை பெரிதும் ஒத்திருந்தமை, அந்நிலங்களும் நம் நிலமும் ஒருகாலத்தில் அண்மையில் இருந்தன என்னும் கருத்திற்குத் துணையாயிற்று. இங்கிலாந்தின் தென்கரையில் நிற்கும் வெள்ளைச் சுண்ணப்பாறைகளும் ஏறத்தாழ இதே காலத்தவையே.

இவற்றுள் நின்னியூர் அடுக்கிற்குத் தனிச் சிறப்பு உண்டு. அரியலூர் அடுக்கு முடிந்து நின்னியூர் அடுக்குத் தொடங்கும் காலம், ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. உலகெங்கும் பேருருவப் பல்லிகளாகிய டைனோசார்களும், கடலில் அம்மோனைட்டுகளும் அழிந்தொழிந்த காலம் அதுவே. அவ்வழிவிற்கு முன்னும் பின்னும் இருந்த உயிர்களை அடுத்தடுத்த அடுக்குகளில் காட்டும் நிலம் உலகில் மிகுதியாக இல்லை. செந்துறைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் உலக நிலநூல் ஏடுகளில் இடம்பெற்றதன் காரணம் இதுதான்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தையும் இங்கே கூற வேண்டும். கடற்கரையில் வளர்ந்த மரமொன்று நீரால் அடித்துச் செல்லப்பட்டு மண்ணுள் புதைந்தது. மரத்தின் நார்களுக்குள் கனிமங்கள் புகுந்து நிறைய, மரம் உருமாறாமல் கல்லாயிற்று. 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940இல் கண்டறிந்து வெளிப்படுத்தியவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவரே. அம்மரத்தின் வயது 12 கோடி ஆண்டு என்பது அத்துறை கூறும் கணக்கு. அது இன்று தேசியச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

கடல் விலகிய நிலத்தில் மனிதன் நாடமைத்தான். ஆறு நடுவே பாயாத நாட்டில் பேரூர் எழுவது அரிது. எனினும் அரசியல் தேவை அதனை எழச் செய்தது. கீழப்பழுவூர், மேலப்பழுவூர் ஆகிய ஊர்களில் பழுவேட்டரையர் என்னும் சிற்றரசர் ஆண்டனர். சோழரோடு மணவுறவு கொண்டு வலிமை பெற்றனர். அவர் காலத்துக் கற்றளிகள் இன்றும் நிற்கின்றன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தோர் அப்பெயரை மறந்திரார்.

அவர்களுக்குப் பின் வந்தது கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை செலுத்தி வென்ற முதலாம் இராசேந்திர சோழன், 1025ஆம் ஆண்டளவில் இந்நகரை அமைத்துத் தலைநகரைத் தஞ்சையிலிருந்து இங்கு மாற்றினான். அதற்குப்பின் சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இவ்வூர் விளங்கிற்று. தென்கிழக்கு ஆசியாவிற்குக் கடற்படை அனுப்பிய ஆட்சிக்கு இருப்பிடமாகவும் இருந்தது. இங்குள்ள பெருங்கோயிலின் விமானம் ஒன்பது நிலையும் சுமார் 55 மீட்டர் உயரமும் உடையது. 2004இல் அது உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

இக்கோயிலைக் காண்போர் அதன் கல்லையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சூழ்ந்த நிலத்தில் கருங்கல் இல்லை. வண்டலும் செம்மண்ணும் மட்டுமே உள்ளன. ஆகவே இத்தனை கல்லும் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டிருத்தல் வேண்டும். அரண்மனையோ செங்கல்லால் ஆயது. மாளிகைமேட்டில் தொல்லியல் துறையினர் அகழ்ந்து அதன் சுவர்களை வெளிப்படுத்தியுள்ளனர். கல்லால் ஆகிய கோயில் நின்றது. செங்கல்லால் ஆகிய அரண்மனை மண்ணோடு மண்ணாயிற்று. கோயிலுக்கும் முழு நலம் வாய்த்ததன்று. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இக்கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கற்களை அணைக்குப் பயன்படுத்தினர். ஆற்றைத் தடுக்கும் பணி நல்லதே. அதற்குக் கோயில் மதில்தான் கிடைத்தது என்பது வருந்தத்தக்கது.

ஆயினும் இராசேந்திரன் இந்நாட்டிற்குச் செய்த பெரும்பணி கோயிலன்று, ஏரி என்றே கூறத் தோன்றுகிறது. ‘சோழகங்கம்’ என்னும் பெயரில் அவன் அமைத்த பேரேரியை மக்கள் பொன்னேரி என்பர். தன் வெற்றிக்குத் தூண் நாட்டாமல், அந்நீர்நிலையையே வெற்றித் தூணாகக் கருதினான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேட்டால் விளங்கும். அதன் கரை 16 மைல் நீளமுடையது என்று சென்ற நூற்றாண்டுகளின் குறிப்புகள் கூறும். ஆறில்லா நாட்டில் தலைநகர் அமைத்தவன் முதலில் நீருக்கு வழி செய்தான். இதில் அடங்கிய அரசியல் அறிவு பெரிது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் எழுச்சியால் சோழராட்சி முடிவுற்றது. நகரம் பாழ்பட்டது, ஏரியும் பெரும்பாலும் தூர்ந்தது. தலைநகராக இருந்த ஊர் இன்று ஒரு சிற்றூர்.

பின்னர் வந்த காலங்களில் அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாயின. பெரம்பலூருக்கு வடக்கே இரஞ்சன்குடிக் கோட்டை எழுந்தது. 1751இல் ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்கு நிகழ்ந்த போட்டியில், ஒருபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறுபுறம் முகம்மது அலியும் ஆங்கிலேயரும் வாலிகண்டபுரத்தை அடுத்துப் பொருதனர். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழி அன்றும் இதுவே ஆதலால், படைகள் இவ்வழியே வந்தன. போரும் இங்கே நிகழ்ந்தது. 1801இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமானபின், இந்நிலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று.

இவ்வூர்கள் தமிழுக்குச் செய்த தொண்டும் சிறிதன்று. ‘வீரமாமுனிவர்’ என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடினார். சங்க நூல்களை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் தமிழ் கற்றது இப்பகுதியிலேதான். அரியலூரில் சடகோபையங்காரும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் அவருக்குப் பாடம் சொன்னார்கள். ஆங்கிலப் பள்ளி அருகியிருந்த அந்நாளில், வறண்ட நிலத்துச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ்ப் புலவர் இருந்தார் என்பது எண்ணிப் பெருமை கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேர்வழி இருப்புப்பாதை அமைந்தபோது, அது அரியலூர் வழியே சென்றது. பெரம்பலூருக்கு இன்றுவரை இருப்புப்பாதை இல்லை. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தால் கரை அரிக்கப்பட்டு, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பொறுப்பேற்று, இரயில்வே அமைச்சராயிருந்த லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு ஓர் இரவில் எத்தகைய உருக்கொள்ளும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

ஆட்சிப் பிரிவுகளின் வரலாறு சுருக்கமானது. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் அமைத்தனர். 2001 ஜனவரி 1 அன்று அதினின்றும் அரியலூர் மாவட்டம் பிரிந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமாயிற்று.

இனி மக்கள்தொகையைக் காண்போம். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு ஒத்திவைக்கப்பட்டதால், 2011ஆம் ஆண்டுக் கணக்கையே கொள்வோம். பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேரும், அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். அப்போதிருந்த 32 மாவட்டங்களில் மிகக் குறைந்த மக்கள்தொகை உடையது பெரம்பலூர். ஒரு சதுர கிலோமீட்டருக்குத் தமிழ்நாடு முழுவதும் சராசரியாக 555 பேர் வாழ்ந்தபோது, பெரம்பலூரில் 320 பேரளவிலும் அரியலூரில் 390 பேரளவிலுமே வாழ்ந்தனர். நீர் குறைந்த நிலத்தில் மக்கள் நெருக்கம் குறைவது இயல்பு. அரியலூரில் நூற்றுக்குச் சுமார் 11 பேரே நகரவாசிகள். மாநிலத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் நகரங்களில் வாழ, இம்மாவட்டம் இன்னும் சிற்றூர்களின் நாடாகவே இருந்தது. எழுத்தறிவிலும் மாநிலச் சராசரி நூற்றுக்கு 80 ஆயிருக்க, பெரம்பலூர் 74ஐயும் அரியலூர் 71ஐயும் ஒட்டி நின்றன.

இக்கணக்கில் ஓர் எண் நம்மை நிறுத்தி நோக்கச் செய்கிறது. ஆயிரம் ஆண்களுக்கு அரியலூரில் 1015 பெண்களும், பெரம்பலூரில் 1003 பெண்களும் இருந்தனர். மாநிலச் சராசரி 996. இதனை மட்டும் கண்டோர், பெண்மை போற்றப்படும் நாடு இது என்று மகிழ்வர். அடுத்த அட்டவணையையும் புரட்ட வேண்டும். ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எண்ணினால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகளும், பெரம்பலூரில் 913 பெண் குழந்தைகளுமே இருந்தனர். மாநிலச் சராசரி 943. பெரியவர்களின் கணக்கில் பெண்கள் மிகுந்து காணப்படுவதற்கு, ஆண்கள் பிழைப்பு நாடி வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்வது ஒரு காரணம். பெண்களின் ஆயுள் நீண்டிருப்பது மற்றொரு காரணம். குழந்தைகளின் கணக்கில் அத்தகைய காரணம் எதுவும் இல்லை. பிள்ளைகள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போவதில்லை. பிறக்குமுன்போ பிறந்தபின்போ பெண் மகவு தவிர்க்கப்படுகிறது என்பதன்றி இதற்கு வேறு பொருள் கூறுதல் அரிது. மேலடுக்கு ஒன்று காட்ட, அடியடுக்கு வேறொன்றைக் காட்டுகிறது என்று தொடக்கத்தில் கூறியது இதனையே.

சுண்ணாம்புக்கல்லிலும் இத்தகைய இரட்டைக் கணக்கு உண்டு. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து, 1450 பாகை வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் சிமெண்ட் கிடைக்கிறது. ஒரு டன் சிமெண்டிற்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். பக்கத்திலுள்ள கல்லக்குடியில் 1939இலேயே சிமெண்ட் ஆலை தோன்றிற்று. 1979இல் தமிழ்நாடு சிமெண்ட் கழகம் அரியலூரில் ஆலை நிறுவியது. அதன்பின் கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் எனத் தனியார் ஆலைகள் பல எழுந்தன. இவற்றால் வேலை கிடைத்தது, கடைகள் பெருகின, வீடும் பாலமும் எழுந்தன. மறுபுறம் தூசும், இரவு பகலாக ஓடும் லாரிகளும், ஆழ்ந்த பள்ளங்களும் மிகுந்தன. செயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுக்கக் கருதி 1990ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது, திட்டம் நிறைவேறவில்லை. கால் நூற்றாண்டு கழிந்தபின் நிலத்தை உரியவர்க்கே திருப்பித்தர அரசு முடிவு செய்தது. அதற்குள் ஒரு தலைமுறை உழவர் தம் நிலம் தமதா அன்றா என்று அறியாமலே காலம் கழித்தனர்.

சுண்ணாம்புக்கல் என்பது வளரும் செல்வமன்று. பல கோடி ஆண்டுகளில் படிந்ததை நாம் சில பத்தாண்டுகளில் வெட்டியெடுக்கிறோம். கல் தீர்ந்தால் ஆலை நிற்கும். கல்லோடு சேர்ந்து உயிர்ச் சுவடுகளும் உலையில் போகின்றன. ஆலையை மூடுக என்று எவரும் கூறார். கூற வேண்டியன வேறு. முதலாவது, அடுக்குகள் தெளிவாகத் தெரியும் சில இடங்களையேனும் வெட்டாமல் விடுதல் வேண்டும். சாத்தனூரில் ஒரு மரத்தைக் காத்தது போலக் கல்லங்குறிச்சியிலும் நின்னியூரிலும் சில சுவர்களைக் காக்கலாம். வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கண்டால், தம் ஊரின் கல்லைத் தாமே படிக்கக் கற்பர்.

இரண்டாவது, வெட்டி முடிந்த பள்ளங்களில் நீரைத் தேக்குதல் வேண்டும். ஏரியால் வாழ்ந்த நாட்டிற்கு இது புதிய கருத்தன்று. மேட்டூர் நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே பெறும் கரைவெட்டி ஏரியில் ஆண்டுதோறும் தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்குகின்றன. 1999இல் பறவைகள் புகலிடமான அவ்வேரி, 2024இல் ‘ராம்சர்’ ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. உழவனுக்காகத் தேக்கிய நீர் பறவைக்கும் பயன்பட்டது. பள்ளத்தில் தேங்கும் நீர் சிற்றூருக்குப் பயன்படும்படி கரையும் வாய்க்காலும் அமைத்தல் கடினமன்று. பள்ளம் வெட்டியவரும் அதில் பங்கேற்றல் முறையாகும்.

மூன்றாவதே யாவற்றினும் தலையாயது. கல்லையும் நீரையும் காத்தாலும், பெண் மகவைக் காவாத நாடு வளம்பெற்ற நாடாகாது. அடுத்த கணக்கெடுப்பின் ஏடுகள் வெளிவரும்போது, பெரம்பலூர், அரியலூர் மக்கள் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையையன்று. ஆறு வயதிற்குட்பட்ட பெண் குழந்தைகளின் எண்ணையே. 897 என்பது உயர்ந்திருக்குமானால், இந்நாடு முன்னேறியது என்று ஐயமின்றிக் கூறலாம்.